ஏழாவது பூ

சம்பந்தத்தின் தறியில் பாதிகூட நெய்து முடிக்காத சேலையின் கரை, தனசேகரன் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தம் மொபெட்டை நிறுத்தினார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அந்தச் சேலையையே பார்த்தார். அவருடையது அரக்கு; இது மயில் கழுத்து. நிறம்தான் வேறு. கரையில் நான்கு வரியாக ஜரிகைப் பூக்கள் ஏறி இறங்கிப் போன வழி அச்சு அசலாக அவருடைய வழி.

எந்தெந்த வரியில் பூ விழுந்திருக்கிறது என்று உதடு அசையாமல் எண்ணினார். நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒண்ணு. அந்த ஏழாவது பூ மட்டும் ஓர் இழை தள்ளி, பந்தியில் தாமதமாக வந்து இடம் தேடுகிறவனைப் போல விழுந்திருந்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. திருடியவனுக்கு ஒழுங்காகத் திருடவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"சம்பந்தண்ணா! இன்னா வெளியவே நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க, டீ சொல்றேன்."

கடைக்குள்ளிருந்து தனசேகரன் கூப்பிட்டான். பத்து வயது சின்னவன். எப்போதும் சிரித்த முகம். சிரித்த முகக்காரர்களைச் சம்பந்தம் நம்பியதில்லை.

"இந்தச் சேல எப்ப வந்துச்சி?"

"நேத்துதான் தறியிலருந்து அறுத்துகினு வந்தோம். நல்லா கீதில்ல?"

"யார் போட்ட கரை?"

"நம்ம தறியில போட்டதுதாண்ணா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மொபெட்டை உதைத்தார். மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. அந்த மூன்று உதைக்குள் தனசேகரன் இரண்டு முறை சிரித்துவிட்டான். இரண்டையும் சம்பந்தம் மனதில் குறித்துக்கொண்டார்.

விஷயம் சாதாரணமானதல்ல. கலசப்பாக்கத்தில் பன்னீர்செல்வம் என்று ஒரு ரைஸ்மில்காரர். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். மகள் கட்டும் முகூர்த்தச் சேலையின் கரை வேறு எந்தப் பெண் உடம்பிலும் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அவர் வீட்டுக் கூடத்தில், சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, சம்பந்தம் மார்தட்டிவிட்டு வந்திருந்தார். "இதே கரையில ரெண்டாவதா ஒரு சேல வந்துச்சின்னா, அன்னியோட நான் தறியில உக்கார்றத உட்டுடறேன்."

அவ்வளவு தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆரணியில் இப்போது எல்லாத் தறியிலும், பூ எங்கே விழ வேண்டும் என்று சொல்லும் ஜக்கார்டு பெட்டியும் துளை போட்ட அட்டையும் இருக்கின்றன. அட்டை என்று ஒன்று இருந்தால் அதற்கு நகலும் இருக்கும். சம்பந்தத்தின் தறியில் கரைக்கு அட்டை கிடையாது. வலது கைப்பக்கம் நான்கு கயிறுகள் தொங்கும். எந்தக் கயிற்றை இழுக்கிறாரோ அந்த வரியில் பூ விழும். இழுக்கும் வரிசை தாளில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை, அவர் தலைக்குள் இருந்தது. தறி இருந்த அறைக்குக் கதவு உண்டு. கதவுக்குப் பூட்டு உண்டு. பூட்டின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

ஆக, தலைக்குள் இருந்ததை எவனோ எடுத்திருக்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி ரேணுகாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ரேணு, தறி ரூமுக்குள்ள யார்னா போனாங்களா?"

"சாவி ஒங்க இடுப்புல கீது. யார் போவாங்க?"

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"எலி போச்சி. ரெண்டு."

சம்பந்தம் சிரிக்கவில்லை. ராட்டையின் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் இரண்டு கண்டு சுற்றி முடிக்கும்வரை நின்றார். இருபத்தெட்டு வருடத்தில் அந்த மௌனத்தின் ரகங்களையெல்லாம் அவள் பிரித்து வைத்திருந்தாள். இது சந்தேக மௌனம்.

"மொகமே செரியில்ல. பிரஷர் மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப மேல போயி அந்தப் பொம்ம கிடார எடுத்துகினு உக்காருங்க. நாலு மணியாவுது."

அந்தப் பொம்மை கிடார், சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுகன்யா பொங்கலுக்கு வாங்கி வந்த யுகுலேலே. சந்தேகம் சம்பந்தத்துக்கு உடம்போடு பிறந்தது. பால்காரர் ஊற்றிய பாலைப் பக்கத்து வீட்டுப் பாலோடு வைத்து ஒப்பிடுவார். பஸ் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டில் ஊர்ப் பெயரை இரண்டு முறை படிப்பார். ரத்த அழுத்தம் ஏறியபோது வேலூர் டாக்டர், "மனச வேற எதுலயாவது போடுங்க" என்றார். அந்த 'வேற எதுலயாவது' என்ன என்பதைச் சுகன்யா முடிவு செய்தாள்.

"அப்பா, யார் மேலயாவது சந்தேகம் வந்துச்சின்னா ஒடனே இத எடுத்து வாசி. பத்து நிமிஷத்துல கொறஞ்சிடும்."

சம்பந்தம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிடாருன்னா ஆறு கம்பி இருக்கணுமே. இதுல நாலுதான் கீது. கடைக்காரன் ரெண்ட எடுத்துகினானா?"

"இதுக்கு நாலுதாம்பா!"

"யார் சொன்னா? கடைக்காரனா?"

பாடம் வீடியோ காலில் நடந்தது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே தண்ணீர்ப் பானைமேல் சாய்த்து வைத்த போன். பட்டு நெய்கிற பெரிய மனுஷன் இந்த வயதில் பொம்மை வாசிக்கிறான் என்று தெருவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று, கொட்டகைக்கு வெளியே ஓர் அடிகூட அதை எடுத்து வர மாட்டார். ரேணுகாம்பாளைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

முதலில் கம்பிகளை மொத்தமாக வருடி அடிக்கும் பாடம்.

"கீழ, கீழ, மேல, மேல, கீழ, மேல. கீழ போவசொல்ல ஆள்காட்டி வெரல் நகம் படணும். மேல வரசொல்ல வெரலோட சதை படணும். மணிக்கட்டு மட்டும் ஆடணும்ப்பா. நீ இன்னா மொத்த கையையும் ஆட்டற?"

அவருடைய கை முப்பது வருடமாகத் தறிப் பலகையைத் தன் பக்கம் இழுத்து இழுத்து அடித்த கை. மணிக்கட்டு என்று தனியாக ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் யுகுலேலே மடியைவிட்டு வழுக்கி முழங்காலுக்கு ஓடியது. அதோடு, கீழ, கீழ, மேல என்று மூன்று வரை வந்ததும் அடுத்தது மேலா கீழா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் கை நிற்கும். நின்றால் மறுபடி முதலிலிருந்து. சந்தேகத்துக்கு மருந்தாக வந்த வாத்தியத்துக்குள்ளேயே சந்தேகம் போய்க் குடியேறியது.

இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சுகன்யா பாடத்தை மாற்றினாள்.

"செரி, உடு. ஒவ்வொரு கம்பியா மீட்டு. மேல கீற ரெண்டும் கட்ட வெரலுக்கு. அடுத்தது ஆள்காட்டிக்கு. கடைசி கம்பி நடு வெரலுக்கு. எடது கை மோதிர வெரலால கடைசி கம்பிய இங்க அழுத்திக்கோ. அவ்ளோதான்."

"எத மொதல்ல மீட்டறது?"

"உனக்கு மறக்காத மாதிரி ஏதோ ஒண்ண வச்சிக்கோயேன். எதுவா இருந்தா இன்னா? திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரணும், அவ்ளோதான்."

சம்பந்தம் கொஞ்ச நேரம் கம்பிகளையே பார்த்தார். பிறகு மீட்டினார். பொங்கலிலிருந்து முதல் முறையாக விரல்கள் அவர் சொன்னதைக் கேட்டன.

"சூப்பர்ப்பா! ஒரே ஒரு எடத்துலதான் லேட்டாவுது. கடைசி சத்தத்துக்கு தாவசொல்ல மாட்டிக்கிற. மெட்ரோனோம் ஆப் ஒண்ணு அனுப்பறேன், தாளத்துக்கு."

"வோணாம். ஆப்புன்னா எல்லாத்தையும் ஒட்டுக் கேக்கும். பின் சந்துல எங்கயோ தறி ஓடிகினே கீது. அந்தத் தாளமே போதும்."

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குச் சம்பந்தம் மாடி ஏறினார். உண்மையாகவே பலன் இருந்தது. பத்து நிமிடம் மீட்டினால் பால்காரர் நல்லவராகிவிடுவார். அரை மணி நேரம் மீட்டினால் கண்டக்டர்கூட.

ஆனால் தனசேகரன் கடைக்குப் போய் வந்த அன்று ஒன்றரை மணி நேரம் மீட்டியும் தனசேகரன் நல்லவனாகவில்லை.

மாடியிலிருந்து இறங்கும்போது சம்பந்தம் ஒரு முடிவோடு இறங்கினார். அந்த அறைக்குள் அவரைத் தவிர ஒரே ஓர் ஆள்தான் வந்திருக்கிறான். போன மாதம் தறியின் நெடுக்கு இழைகளான பழைய பாவு முடிந்தபோது, புதுப் பாவின் இழைகளை அதோடு முடிந்து பிணைக்க வந்த அன்புச்செல்வன். இரண்டு நாள் உள்ளே இருந்தான்.

மறுநாள் காலையில் அவனை வரச் சொன்னார்.

"அன்பு, அந்த ரூம்ல நாலு கயிறு தொங்குதே, பாத்தியா?"

"மூஞ்சி மேல இடிக்குது, பாக்காம?"

"எப்டி பாத்த?"

"கண்ணாலதாண்ணா."

"நான் நெய்யசொல்ல நின்னு பாத்தியா?"

அன்புச்செல்வனுக்கு அப்போதுதான் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்தது. கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தான். "உங்க அப்பா காலத்துலருந்து எங்க வூட்டு ஆளுங்கதான் இங்க பாவு பிணைக்கிறோம். இன்னா கேட்டுட்டீங்க நீங்க." எழுந்தான். வாசலில் திரும்பினான். "இனிமே இழை அறுந்தா நீங்களே முடிஞ்சிக்குங்க."

சம்பந்தம் தறி அறைக்குள் போனார். கதவைப் பூட்டிக்கொண்டு, நெய்திருந்த நாலு முழத்தை அறுத்தெடுத்தார். வரிசையில் முதல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியைத் தலைகீழாக மாற்றினார். மாற்றியது மறந்துபோகக் கூடாதே என்ற கவலையில் அன்றைக்கு மாடியில் விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார்.

அன்புச்செல்வன் இல்லாத தறி அவரைப் படுத்தி எடுத்தது. இழை அறுந்தால் தானே முடிய வேண்டியிருந்தது. முடியும்போதெல்லாம் பட்டு அவருடைய இடது மோதிர விரலில் சிக்கிச் சிலும்பியது. முப்பது வருடமாகச் சிலும்பாத பட்டு. விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். காய்த்துப்போய் உப்புத்தாள் போல இருந்தது. உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் நூல் கடைக்காரரிடம் சண்டை போட்டார்.

"இது பட்டா, நாரா? வெரல அறுக்குது!"

"பட்டு வெரல அறுக்காதுண்ணா. வெரல்தான் பட்ட அறுக்கும்," என்றார் கடைக்காரர். சொன்னதோடு நிற்காமல், வேறு நூல் வேண்டுமானால் வேறு கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மொபெட் தனசேகரன் கடைப் பக்கம் திரும்பியது. கண்ணாடிக்குள் புதிதாக ஒரு சேலை. முதல் பாதி பழையபடி. பின்பாதி தலைகீழ். ஏழாவது பூ, அதே இடத்தில், அதே ஓர் இழை தள்ளி.

சம்பந்தத்துக்குக் காதுக்குள் கடல் இரைந்தது.

அன்புச்செல்வன் இல்லை. வரிசையை மாற்றிய பிறகு அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்படியென்றால் வேறு யார்? வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார். மின்விசிறி. காலண்டர். ரேணுகாம்பாள். போன்.

போனில் பார்வை நின்றது. போன வாரம் மிக்ஸி ரிப்பேர் என்று அவளிடம் சொன்ன அரை மணி நேரத்தில் அதில் மிக்ஸி விளம்பரம் வந்திருந்தது. சம்பந்தம் எழுந்து போய் அரிசி டின்னுக்குள் போனைப் புதைத்து மூடி போட்டார். மூடியின்மேல் அம்மிக் குழவியை வைத்தார்.

"இன்னாங்க இது?" என்றாள் ரேணுகாம்பாள்.

"அதுக்குக் காது கீது."

"அரிசிக்கு இன்னா கீது?"

இரண்டு நாளில் அதுவும் பேஜாராகிவிட்டது. கலசப்பாக்கத்திலிருந்து பன்னீர்செல்வம் ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார். அரிசி எடுக்கவில்லை. பத்தாவது தடவை ரேணுகாம்பாளின் போனுக்கு வந்தார். அந்தப் பக்கத்துக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"இன்னா சம்பந்தம், ஆளே காணம்? நம்ம சொந்தக்காரப் பொண்ணு சசிகலா ஆரணிக்கு வந்துட்டு வந்து சொல்றா, அங்க ஏதோ ஒரு கடையில நாலு வரி பூ போட்ட கரை தொங்குதாமே?"

"அது வேறங்க. நாலு வரி எல்லாரும் போடுவாங்க. நம்மளது வேற மாதிரி."

"வேற மாதிரியா இருந்தா செரி. அடுத்த சனிக்கெழம நானே கெளம்பி வரேன். தறியில பாத்துட்டு, அப்டியே அந்தக் கடையிலயும் பாத்துடறேன். நீங்க சொன்னது ஞாபகம் கீதில்ல?"

"கீதுங்க," என்றார் சம்பந்தம்.

சனிக்கிழமைக்கு இன்னும் பத்து நாள். மறுபடி அறுத்தார். மறுபடி பின்பாதியை மாற்றினார். தூக்கத்தில் உளறுகிறோமோ என்று தன் வாயின்மேலும் சந்தேகம் வந்து, படுக்கும்போது துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டார். நாலு மணிக்கு மாடி ஏறுவதை மட்டும் விடவில்லை. அது இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. உலகத்தில் அவர் கொஞ்சமும் சந்தேகப்படாமல் மடியில் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அதுதான்.

இனி மீதி இருப்பது ஒரே ஒருத்தி. அந்த நினைப்பு வந்த அன்று அவரால் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் வந்த நினைப்பைத் துரத்தத் தெரியாது. பொறி வைக்கத்தான் தெரியும்.

"ரேணு, புதுக் கரை எப்டி தெரியுமா? ஒண்ணு, ஒண்ணு, நாலு, நாலு, ரெண்டு, மூணு, ரெண்டு. ஞாபகம் வச்சிக்கோ."

"எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? கட்டின நாள்லருந்து சொன்னதில்லயே."

"சும்மா. எனக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா."

அவள் சுற்றுவதை நிறுத்தி அவரை ஒரு கணம் பார்த்தாள். கண் கலங்கியது போலிருந்தது. சம்பந்தம் அதைப் பார்த்தார். ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை. சொன்ன வரிசை சுத்தப் பொய்.

ஒரு வாரம் பொறுத்தார். வெள்ளிக்கிழமை பகலில், எண்ணெய் வாங்கப் போகிறவர்போல் தனசேகரன் கடைக்குப் போனார். கண்ணாடிக்குள் புதிதாக எதுவும் இல்லை. மூச்சு வந்தது.

"வாங்கண்ணா! நீங்கதான் நம்ம கரைய நின்னு நின்னு பாக்கறீங்க. இந்தாங்க, இது தறியில ஓடிகினு கீது. நாளைக்கி காலீல அறுத்துடுவாங்க," என்று தனசேகரன் போனில் ஒரு படம் காட்டினான்.

ரேணுகாம்பாளிடம் சொன்ன பொய் வரிசை அதில் இல்லை. உண்மையான வரிசை இருந்தது. ஏழாவது பூ ஓர் இழை தள்ளி இருந்தது.

சம்பந்தம் வீட்டுக்கு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது.

"நீ கெட்டிக்காரி," என்றார் கடைசியில்.

"எதுக்கு?"

"நான் சொன்னது பொய்யின்னு கண்டுபுட்ச்சி, உண்மையானத மட்டும் குடுத்துக்கிற."

ராட்டை நின்றது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்டிலிருந்து நூலை அறுத்து, முனையை மடித்துச் செருகி, கண்டைக் கூடையில் வைத்தாள். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள். அந்த மௌனம் அவருக்குத் தெரிந்த எந்த ரகத்திலும் சேரவில்லை. பயமாக இருந்தது.

"அன்னிக்கி ஒங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துகினு நான் கோயிலுக்குப் போயி வெளக்கு ஏத்திட்டு வந்தேன்," என்றாள். "எழுந்திருங்க."

"எங்க?"

"தனசேகரன் கடைக்கு. யார் குடுத்தாங்கன்னு என் எதுருல அந்த ஆளு வாயால சொல்லட்டும். எம் பேரு வந்துச்சின்னா நான் இப்டியே கண்ணமங்கலத்துக்கு அக்கா வூட்டுக்கு பஸ் ஏறிடறேன். வரலைன்னா, நீங்க இன்னா செய்யணும்னு அப்புறம் சொல்றேன்."

"மணி நாலாவுது. மாடிக்கு..."

"எழுந்திருங்க, ஜல்தி!"

தனசேகரன் கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ரேணுகாம்பாள் அதைப் பார்க்கவில்லை. "தம்பி, அந்த நாலு வரி கரைய உங்களுக்கு யார் குடுத்தாங்க? நான் குடுத்தேனா?"

தனசேகரன் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு காணாமல் போனது. "இன்னா அண்ணி, நீங்களா? எனக்கு யாருமே குடுக்கலயே. தெள்ளார்லருந்து பச்சையம்மாள்னு ஒரு அம்மா வந்து நாலு மாசமா நம்மளுக்கு நெய்றாங்க. அவங்களா போட்டுகினு வந்த கரை. 'எப்டிம்மா போட்ட'ன்னு கேட்டா சிரிக்கிறாங்க. நானும் நல்லா கீதேன்னு உட்டுட்டேன்." சம்பந்தத்தைப் பார்த்தான். "அது உங்க கரையாண்ணா? சத்தியமா எனக்குத் தெரியாது. வாங்க, நேராவே போயி கேட்டுடலாம்."

மூவரும் நடந்தார்கள். தனசேகரன் முன்னே, ரேணுகாம்பாள் அடுத்து, பத்தடி தள்ளிச் சம்பந்தம். கடைத் தெருவைத் தாண்டி ஒரு திருப்பம். சாயப் பட்டறையை ஒட்டி இன்னொரு திருப்பம். பிறகு ஆட்டோ நுழையாத ஒரு சந்து. சந்தின் கோடியில் ஓட்டு வீடு. அதற்குப் பின்னால் உயரமாக ஒரு சுவர். சுவருக்கு மேலே ஒரு மாடி. மாடியில் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

தன்னிடமும் அப்படி ஒரு லுங்கி இருக்கிறதே என்று நினைத்தார் சம்பந்தம். அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையைப் பார்த்ததும் நின்றார்.

அது அவர் வீடு. பிறந்து வளர்ந்த வீட்டின் பின்பக்கத்தை அவர் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. தெரு வழியாக வந்தால் கால் மணி நேர நடை. இங்கே ஒரே ஒரு சுவர்.

அவ்வளவுதான். எல்லாம் விளங்கிவிட்டது. சம்பந்தம் இருவரையும் தள்ளிக்கொண்டு சுவரிடம் ஓடினார். ஓட்டை தேடினார். செங்கல் செங்கலாகத் தடவினார். குனிந்து பார்த்தார், எம்பிப் பார்த்தார். ஜன்னல் இல்லை. விரிசல் இல்லை. ஊசி நுழைய இடமில்லை. மேலே அண்ணாந்து பார்த்தால் கொட்டகையின் தகரமும் ஆகாயமும்தான்.

"இன்னா தேடறாரு?" என்று தனசேகரன் மெதுவாகக் கேட்டான்.

"புத்திய," என்றாள் ரேணுகாம்பாள்.

ஓட்டு வீட்டுக்குள் தறியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்கில் ஒற்றைக் கல். கை மடியில் சும்மா கிடந்தது. எதற்கோ காத்திருப்பவள் போலச் சுவர்ப் பக்கம் முகத்தைச் சாய்த்து வைத்திருந்தாள். அவளுடைய வலது கைப்பக்கம் நான்கு கயிறுகள் தொங்கின. தறியில் பாதி முடிந்த கரையில் சம்பந்தத்தின் பூக்கள் அவர் மாற்றிய மாதிரியே ஏறி இறங்கின.

ஆட்களைப் பார்த்ததும் பச்சையம்மாள் எழுந்து முந்தானையைச் சரி செய்தாள்.

"இவரு சம்பந்தண்ணா, பெரிய நெசவுக்காரரு," என்றான் தனசேகரன். "இந்தக் கரை அவரோடதுன்றாரு. பயப்படாம சொல்லும்மா, உனக்கு இத யார் சொல்லிக் குடுத்தாங்க?"

பச்சையம்மாள் தனசேகரனைப் பார்த்தாள். ரேணுகாம்பாளைப் பார்த்தாள். வெட்கத்தோடு சிரித்தாள். சாயப் பட்டறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் இங்கே வரை தெளிவாகக் கேட்டது. சம்பந்தம் முன்னால் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யார் பேரா இருந்தாலும் பரவால்ல, சொல்லும்மா," என்றார். ரேணுகாம்பாள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

பச்சையம்மாள் சுவருக்கு மேலே கையைக் காட்டினாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்கண்ணா, தெனம் நாலு மணியானா அந்த மாடியில ஒரு கொழந்த டொய்ங் டொய்ங்குன்னு நாலு கம்பிய மீட்டிகினே இருக்கும், ஒரு கம்பி சத்தத்துக்கு ஒரு கயிறுன்னு நானும் கூடவே இழுத்துகினு வந்தேன், பூ தானா விழுந்துச்சி, ஆனா பாவம், ஏழாவதுல மட்டும் தெனமும் தடுக்கிக்கிது, உங்களுக்குத் தெரிஞ்ச வூட்டுப் புள்ளயா இருந்தா அந்த ஒரு எடத்த மட்டும் ஒயுங்கா கத்துக் குடுக்கச் சொல்லுங்க."